பம்பை மாத்தினா போதுமா?

மொதல்ல ஒரு வாக்குமூலம். நான் மெக்கானிக்கல் இஞ்சினியரிங் படிச்சவன். நாலு வருஷம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், தெர்மோடைனமிக்ஸ்னு எல்லாத்தையும் உருப்போட்டு பாஸ் பண்ணிட்டு (ஒரே ஒரு அரியர், அதை இப்ப எதுக்கு கிளறிக்கிட்டு), கடைசில பொட்டி தட்ட வந்துட்டேன். ஆனா அந்த டிகிரி இருக்கே, அது சும்மா இருக்காது. யார் வண்டி எங்க நின்னாலும் பக்கத்துல போய் நின்னு கருத்து சொல்லச் சொல்லும். அப்படிச் சொன்ன ஒரு கருத்தால ஒரு குடும்பமே, அதாவது என் குடும்பமே, தீயில மாட்டியிருக்க வேண்டியது. அதான் இந்தப் பதிவு.

இங்க ஃபீனிக்ஸ்ல எங்க ஆபீஸ்ல ஒரு அண்ணாச்சி இருக்கார். திருநெல்வேலிக்காரர், என்னை விட பத்து பன்னெண்டு வயசு பெரியவர். ஊர்ல அவங்கப்பாவுக்கு லாரி இருந்துச்சாம், அதனால பழைய வண்டின்னா மனுஷனுக்கு உயிர். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி திடீர்னு ஒரு மோட்டார்ஹோம் வாங்கிட்டு வந்து நிறுத்தினார். மோட்டார்ஹோம்னா தெரியும்ல, வீட்டையே சக்கரத்து மேல தூக்கி வெச்ச மாதிரி, உள்ளயே படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் இருக்குற வண்டி. அவர் வாங்கினது 1976 மாடல் ஜி.எம்.சி. 1973-லேர்ந்து 1978 வரைக்கும்தான் அந்த வண்டியைத் தயாரிச்சாங்க. 26 அடி நீளம். 455 கன அங்குல, அதாவது கிட்டத்தட்ட ஏழரை லிட்டர், ஓல்ட்ஸ்மொபீல் வி-8 இஞ்சின். அவ்ளோ பெரிய வண்டியை முன்சக்கரம்தான் இழுக்கும். 1981-ல வந்த 'ஸ்ட்ரைப்ஸ்' படம் பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், அதுல ராணுவ வண்டியா வேஷம் கட்டி வர்றது இதே மாடல்தான்.

மதினி மட்டும், "இதுக்கு ஊத்துற பெட்ரோலுக்கு ஊருக்கு ரெண்டு வீடு கட்டிருக்கலாம்"னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. தப்பில்ல. லிட்டருக்கு மூணு மூணரை கிலோமீட்டர் குடுத்தாலே பெரிய விஷயம்.

போன வருஷம் ஏப்ரல்ல ரெண்டு குடும்பமும் கிராண்ட் கேன்யன் கிளம்பினோம். ஃபீனிக்ஸ் கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 1,100 அடி. போற வழில இருக்குற ஃப்ளாக்ஸ்டாஃப் சுமார் 7,000 அடி. நடுவுல ஐ-17 ரோட்டுல பிளாக் கேன்யன் சிட்டி தாண்டினதும் ஒரு ஏத்தம் வரும் பாருங்க, இஞ்சின் சூடாகாம இருக்க ஏசியை அணைங்கன்னு ரோட்டோரம் போர்டே வெச்சிருப்பாங்க. அந்த ஏத்தத்துல பாதி தூரம் போனதும் வண்டி இருமுச்சு. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இருமுச்சு. அப்புறம் மூச்சு முட்டி நின்னே போச்சு.

"தம்பி, இழுக்க மாட்டேங்கு"ன்னார் அண்ணாச்சி.

முக்கால் மணி நேரம் ரோட்டோரம் வெயில்ல நின்னோம். அப்புறம் ஸ்டார்ட் பண்ணினா ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்புச்சு. அடுத்த ஏத்தத்துல மறுபடி அதே கதை.

பழைய வண்டி ஆளுங்க யார்கிட்ட கேட்டாலும் பதில் ரெடியா இருந்துச்சு. "வேப்பர் லாக்." அதாவது பைப்லயே பெட்ரோல் கொதிச்சு ஆவியாகி அடைச்சுக்குது. மருந்தும் ரெடி. "டேங்க் பக்கத்துல ஒரு எலக்ட்ரிக் பம்ப் போடு, தீர்ந்துடும்."

நம்ம டிகிரி உடனே எழுந்து உக்காந்துடுச்சு. அண்ணாச்சிக்கு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தேன். அந்த வண்டில பெட்ரோல் பம்ப் இஞ்சின்லதான் இருக்கு, முன்னாடி. கேம் ஷாஃப்ட் ஆட்டுற டயஃப்ரம் பம்ப். டேங்க் ரெண்டும் பின்னாடி. நடுவுல இருக்குற அத்தனை அடி பைப்லயும் பெட்ரோலை உறிஞ்சித்தான் கொண்டு வரணும். வீட்டுல குக்கர் இருக்கே, அதுக்குள்ள அழுத்தம் கூடுறதால தண்ணி 100 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். இங்க நேர் தலைகீழ். உறிஞ்சும்போது அழுத்தம் குறையுது, அதனால பெட்ரோல் சீக்கிரமே கொதிக்குது. பெட்ரோல் பலதும் கலந்த திரவம், அதுல லேசான சமாச்சாரங்கள் எல்லாம் 40 டிகிரி கிட்டயே ஆவியாக ஆரம்பிச்சுடும். மேல ஏற ஏற காத்தழுத்தமும் குறையுது. இதுல இன்னொண்ணு, குளிர்காலத்துல இஞ்சின் சுலபமா ஸ்டார்ட் ஆகணும்னு சீக்கிரம் ஆவியாகுற பெட்ரோலைத்தான் இங்க விப்பாங்க. கோடைப் பெட்ரோலுக்கு மத்திய அரசு விதி ஜூன் 1-லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும். சில இடத்துக்குத் தனி விதி இருக்கு. அதனால வெயில் முந்திக்கிட்டு வர்ற வருஷம், ஜூலையை விட ஏப்ரல்ல இந்தத் தொந்தரவு அதிகமா வரலாம்.

சொன்னதுல ஒரு வரி தப்பில்ல. எல்லாமே சரி. ஆனா அந்த வண்டிக்கு வந்த நோய் அதுதானான்னு நான் பார்க்கவே இல்ல. தியரி அழகா பொருந்திச்சு, அதோட நிறுத்திட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ரெண்டு பேரும் வண்டிக்கு அடியில படுத்து ஒரு எலக்ட்ரிக் பம்பை மாட்டினோம். சாவியைத் திருப்பினா பம்ப் ஓடுற மாதிரி நேரா கரன்ட் குடுத்தோம். அடுத்த வாரம் அதே ஏத்தம். வண்டி பறந்துச்சு! அண்ணாச்சி என்னைக் கட்டிப் பிடிக்காத குறை. "படிச்ச பய படிச்ச பயதாம்லே"ன்னார். நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு, ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கத்துல ஒரு கேம்ப் கிரவுண்ட். அப்பதான் வந்து நிறுத்தினோம். இஞ்சினை அணைச்சாச்சு, ஆனா ராஜா பாட்டு ஓடிட்டிருந்ததால அண்ணாச்சி சாவியை ஆன்லயே விட்டுட்டார். பாப்பா பின்னாடி படுக்கைல தூங்குறா. நானும் அண்ணாச்சியும் வெளில நாற்காலி விரிச்சிட்டு இருக்கோம். தங்கமணி கதவுகிட்ட வந்து, "ஏங்க, பெட்ரோல் வாடை அடிக்குதே"ன்னாங்க. பெட்ரோல் வண்டில பெட்ரோல் வாடை வராம மல்லிகைப்பூ வாடையா வரும்னு கேக்க வாயெடுத்தேன். அதுக்குள்ள அண்ணாச்சி குனிஞ்சு பார்த்துட்டார்.

"ஏலே, புள்ளையத் தூக்கு!"

வலது முன்சக்கரத்துகிட்ட தரை நனைஞ்சு கிடக்கு. இஞ்சினுக்குள்ள பம்புக்குப் போற ரப்பர் ஹோஸ்லேர்ந்து பெட்ரோல் பீச்சிக்கிட்டிருக்கு. அதுக்கு ஒரு சாண் தள்ளி எக்ஸாஸ்ட் பைப், இப்பதான் மலை ஏறி வந்த சூடு. அதுல சொட்டு விழுந்து 'சொய்ங்'னு சத்தம் கேக்குது. அதை விட மோசம், உள்ள இருக்குற ஃப்ரிட்ஜ் கேஸ்ல ஓடுற ஃப்ரிட்ஜ். அதுக்குள்ள எப்பவும் ஒரு சின்ன தீ எரிஞ்சிட்டிருக்கும். அந்த வண்டி உடம்பு அலுமினியமும் ஃபைபர்கிளாஸும். பத்திக்கிச்சுன்னா எவ்ளோ நேரம் தாங்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

நான் பாப்பாவைத் தூக்கிட்டு ஓடினேன். அண்ணாச்சி சாவியைப் பிடுங்கினார், கேஸ் சிலிண்டரை மூடினார். அணைப்பான் கைல வெச்சுக்கிட்டு நாப்பது அடி தள்ளி நின்னோம். ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகலங்கறது அதிர்ஷ்டம், வேற ஒண்ணும் இல்ல. மதினி அன்னிக்கு ராத்திரி முழுக்க எங்க ரெண்டு பேரோடயும் பேசல.

என்ன நடந்துச்சுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. அந்த ஹோஸ்ல விரிசல் புதுசு இல்ல. முதல்லேர்ந்தே இருந்திருக்கு. ஏத்தத்துல வண்டி நின்னதுக்கே அதுதான் காரணம்.

எங்க தாத்தா கிணத்துல மோட்டார் பம்ப்செட் இருந்துச்சு. சில நாள் மோட்டார் ஓடும், தண்ணி மட்டும் ஏறாது. உறிஞ்சுற பக்கத்துக் குழாய்ல எங்கயோ நூல் அளவு ஓட்டை இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணி வெளில வராது, ஏன்னா உள்ள இருக்குற அழுத்தம் வெளிக் காத்தை விடக் கம்மி. காத்துதான் உள்ள போகும். தாத்தா சாணியைக் கரைச்சு ஊத்துவார், ஓட்டை அடைச்சுக்கும், தண்ணி கொட்டும். அவர் எந்தக் காலேஜுக்கும் போகல. சின்ன வயசுல பக்கத்துல நின்னு இதைப் பார்த்த எனக்கு, கிராண்ட் கேன்யன் போற வழில இது ஞாபகம் வரல. எதுக்கு அந்த டிகிரின்னு கேக்குறீங்களா? அவ்வ்வ்வ்.

அண்ணாச்சி வண்டிலயும் அதேதான். பழைய பம்ப் உறிஞ்சினப்ப அந்த விரிசல் வழியா காத்து உள்ள போச்சு. கொஞ்சமா பெட்ரோல் வேணுங்கற சமவெளில சமாளிச்சுது. ஏத்தத்துல சமாளிக்க முடியல. நாங்க பின்னாடி ஒரு பம்பை வெச்சுத் தள்ளினதும் அதே குழாய் அழுத்தத்துக்கு வந்துடுச்சு. காத்து உள்ள போன வழியா இப்ப பெட்ரோல் வெளில வருது. ஒரு வண்டி நிக்குற பிரச்சனையை, ஒரு வண்டி எரியுற பிரச்சனையா நான் மாத்தியிருக்கேன். அதுவும் வண்டி நல்லா ஓடினதால, அந்த ரெண்டு மாசமும் அடியில குனிஞ்சு பார்க்கணும்னு ரெண்டு பேருக்குமே தோணல.

எங்க தொழில்ல இதுக்கு 'வொர்க்கரவுண்ட்'னு பேரு. சர்வர் தொங்குதா, ராத்திரி ரெண்டு மணிக்குத் தானா ரீஸ்டார்ட் ஆகுற மாதிரி ஒரு ஸ்க்ரிப்ட் எழுதிப் போடு. பிழை எங்கயும் போயிருக்காது. கண்ணுலேர்ந்துதான் மறைஞ்சிருக்கும். ஆபீஸ்ல யாராவது அப்படிப் பண்ணினா நான் ரிவ்யூல நார் நாரா கிழிப்பேன். வண்டின்னு வந்ததும் நானே அதைப் பண்ணினேன்.

அதனால என் கருத்து இதுதான். பழைய வண்டில பெட்ரோல் வரலைன்னா, எதையும் மாத்துறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க. ஸ்பேனர் எடுக்குற வேலை கடைசி. நாங்க பட்டு முடிச்சப்புறம் கத்துக்கிட்ட வரிசை இது:

1. வண்டி நின்ன இடத்துலயே, இஞ்சினை அணைச்சிட்டு, ஏர் ஃபில்டர் மூடியைக் கழட்டி கார்புரேட்டருக்குள்ள பாருங்க. ஆக்சிலேட்டரை ஒருத்தர் அசைச்சா உள்ள பெட்ரோல் பீச்சணும். பீச்சினா பெட்ரோல் வந்திருக்கு, கோளாறு இக்னிஷன்ல இருக்கலாம். பீச்சலைன்னா கிண்ணம் காலி. முக்கால் மணி நேரம் ரோட்டோரம் நின்ன நாங்க இந்த அரை நிமிஷ வேலையைப் பண்ணல.

2. டேங்க் மூடியைத் திறங்க. 'புஸ்'னு காத்து உள்ள இழுத்தா டேங்குக்குக் காத்து போற வழி அடைச்சிருக்கு. இந்த வண்டில ரெண்டு டேங்க், மாத்த ஒரு சுவிட்சும் இருக்கு. மாத்திப் பாருங்க. ஒண்ணுல மட்டும் தொந்தரவுன்னா அந்தப் பக்கம். ரெண்டுலயும்னா பொதுவா இருக்குற பாதைல.

3. ஃபில்டர். இந்த இஞ்சின்ல இருக்குற ராச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர்ல, பெட்ரோல் நுழையுற நட்டுக்குப் பின்னாடியே குட்டியா ஒரு ஃபில்டர் ஒளிஞ்சிருக்கும். வெளில பளபளன்னு புது ஃபில்டர் போட்டவங்க பல பேருக்கு அது அங்க இருக்குறதே தெரியாது.

4. இஞ்சின் ஆயில் குச்சியை எடுத்து மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை வந்தா பழைய பம்போட டயஃப்ரம் கிழிஞ்சிருக்கலாம். அந்த நிலைமைல எலக்ட்ரிக் பம்பை வெச்சுத் தள்ளினா பெட்ரோல் நேரா ஆயிலுக்குள்ள போகும். இஞ்சின் காலி.

5. எவ்ளோ வருதுன்னு அளங்க. ஏத்தத்துல காலனுக்கு 5 மைல், மணிக்கு 45 மைல் வேகம்னு வெச்சா மணிக்கு 9 காலன். அதாவது 34 லிட்டர், நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல. கார்புரேட்டர் கிண்ணம் ரொம்பச் சின்னது, வரத்து குறைஞ்சா கொஞ்ச நேரத்துல வறண்டுடும். சும்மா நின்னு உறுமுறப்ப நல்லா இருக்குற வண்டி ஏத்தத்துல சாகுறது இதனாலதான். முப்பது செகண்டுக்கு ஒரு பைன்ட், அதாவது அரை லிட்டர் கிட்ட வரணும்ங்கறது பழைய மெக்கானிக்குங்க கணக்கு. அழுத்தம் எவ்ளோ இருக்கணும்னு வண்டி மேனுவல்ல இருக்கும். இதை இஞ்சின் ஆறினப்புறம், வெளில, எல்லாத் தீயையும் அணைச்சிட்டு, அணைப்பானைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பண்ணுங்க.

6. பாதியா வெட்டித் தேடுங்க. பைனரி சர்ச்! படகு மோட்டாருக்கு விக்கிற தனி டேங்கை நல்ல ஹோஸ் போட்டு பம்புக்கு நேரா குடுத்துப் பாருங்க. கோளாறு போயிட்டா அது பம்புக்குப் பின்னாடி, டேங்க் வரைக்கும் உள்ள பாதைல. போகலைன்னா பம்புலயோ அதுக்கு முன்னாடியோ. பெரும்பாலும் ஒரே சோதனைல பாதி வண்டி கழிஞ்சுடும்.

7. ரப்பர் ஹோஸ் ஒவ்வொண்ணையும் விரலால வளைச்சுப் பாருங்க. இப்ப இங்க பங்குல விக்கிற பெட்ரோல் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்தது. 1976-ல அதை மனசுல வெச்சு ரப்பர் செய்யல. வயசான ஹோஸ் வெளில பார்க்க நல்லாத்தான் இருக்கும், வளைச்சா வாயைத் திறக்கும். டேங்க் மேல இருக்குற ஹோஸைப் பார்க்க டேங்கையே இறக்கணும். நாள் பூரா ஆகுற வேலைதான். அதைத் தள்ளிப்போடத்தான் எல்லாருக்கும் ஆயிரம் காரணம் கிடைக்கும்.

எங்களுக்கு ஏழாவது வரைக்கும் கூட வந்திருக்க வேண்டாம். ஆறாவதுலயே பாதி மாட்டியிருக்கும். விரிசல் விட்ட அந்த ஹோஸோட விலை பத்து டாலருக்குள்ள.

"பார்ட்ஸ் விலை கம்மி, நேரம்தான் காஸ்ட்லி. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திட்டா வேலை முடிஞ்சுது"ன்னு ஒரு கட்சி இருக்கு. அவங்க சொல்றதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு. வயசான ஹோஸை எல்லாம் சோதிக்காமலே மாத்திடலாம்னு இப்ப நானே சொல்லுவேன். ஆனா பம்ப், கார்புரேட்டர், ஃபில்டர்னு ஒரே நாள்ல நாலை மாத்தினா, எது சரி பண்ணுச்சுன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது. புதுசாப் போட்டதுல ஒண்ணு மக்கர் பண்ணினா நாலுல எதுன்னும் தெரியாது. ஒரே கமிட்ல இருபது ஃபைலை மாத்திட்டு எது உடைஞ்சுதுன்னு தேடின அனுபவம் இருக்குறவங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்ல.

எலக்ட்ரிக் பம்ப் வில்லன் கிடையாது. வேப்பர் லாக்கும் கட்டுக்கதை இல்ல. இந்த வண்டிகளுக்கு அது நிஜமாவே வர்ற தொந்தரவுதான், டேங்க் பக்கத்துலேர்ந்து தள்ளுறது அதுக்கு நல்ல மருந்துதான். இங்க பழைய ஆளுங்க பெட்ரோல் பைப்புல துணி காயப்போடுற மரக் கிளிப்பை வரிசையா மாட்டி வைப்பாங்களாம். அதுக்கு எலக்ட்ரிக் பம்ப் எவ்வளவோ மேல். ஆனா குழாய் முழுசும் அழுத்தம் தாங்கும்னு உறுதி பண்ணினப்புறம்தான் அது வரணும். இஞ்சின் நின்னா பம்பும் நிக்கிற மாதிரி ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாத்தான் கரன்ட் குடுக்கணும். நாங்க அதை வைக்கல. பாட்டு கேக்க சாவியை ஆன்ல விட்டதுக்கே பம்ப் பாட்டுக்கு தரையை நனைச்சுக்கிட்டிருந்துச்சு. இப்ப எல்லா ஹோஸையும் மாத்தி, டேங்கையும் இறக்கி ஏத்தி, சுவிட்சும் வெச்சாச்சு. பெட்ரோல் போடப் போறப்ப ஃப்ரிட்ஜ் தீயை அணைக்கணும்னு டிரைவர் சீட்டுக்கு முன்னாடி தமிழ்ல எழுதி ஒட்டினது மதினி.

இந்த ஏப்ரல்ல மறுபடி அதே ரோட்டுல போனோம். வண்டி நிக்கல. ஆனாலும் ஏத்தம் முடிஞ்சதும் அண்ணாச்சி ஓரங்கட்டி இஞ்சினை அணைச்சு, சாவியைப் பாக்கெட்ல போட்டுட்டு, கீழ குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பார்த்தார். நானும் குனிஞ்சேன். காஞ்ச தரைதான் இருந்துச்சு. தங்கமணி பாப்பாவை மடியில வெச்சுக்கிட்டு ஜன்னல் வழியா, "வாடை ஏதும் இல்லையே?"ன்னாங்க. இல்லன்னேன். அப்புறமும் ஒரு தடவை மோந்து பார்த்துட்டுத்தான் ஏறினேன்.

டிஸ்கி: பெட்ரோல் வேலை விளையாட்டில்ல. மேல சொன்னதுல எது கைக்கு அடங்காதுன்னு தோணுதோ அதை நல்ல மெக்கானிக்கிட்ட விடுங்க. ஆனா அவரும் அளக்காம பம்பைத் தூக்கிட்டு வந்தா, "அண்ணே, மொதல்ல அந்த ஹோஸைக் கொஞ்சம் வளைச்சுப் பாருங்க"ன்னு மட்டும் சொல்லிப் பாருங்க :-)